படகுக் குஷனின் பின்மூலையும் செயில்ரைட் அல்ட்ராஃபீட் எல்எஸ்இசட்-1 மிஷினும்

ஒரு தையல் மிஷின் படகுக்கு ஆகுமா ஆகாதா என்பதைக் குஷன் உறையின் பின்மூலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜிப் பட்டையும் பக்கப் பட்டையும் சேரும் இடம் அது. மேல்துணி ஒன்று, பைப்பிங் (கயிற்றை உள்ளே வைத்து ஓரத்தில் தைக்கும் துணிப்பட்டை) மடிப்பு இரண்டு, ஜிப் பட்டையின் மடிப்பு இரண்டு, ஜிப்பின் வாயை மூடும் மடிப்பு இரண்டு என்று ஏழு அடுக்கு. நடுவில் பைப்பிங் கயிறு வேறு. பைப்பிங்கின் ஒட்டும் அங்கேயே வந்து விழுந்தால் ஒன்பது. சட்டை தைக்கிற வீட்டு மிஷின் இந்த இடத்தில் மூச்சு வாங்கும். ஊசி வளைந்து தட்டில் இடிக்கும், பெல்ட் வழுக்கும், பாதம் மேட்டில் ஏற முடியாமல் ஒரே இடத்தில் பத்துத் தையல் போடும்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இயங்கும் செயில்ரைட் நிறுவனம் 1969-இல், படகின் பாய்களைச் சொந்தமாகத் தைக்க விரும்புகிறவர்களுக்குத் துணியும் பொருளும் விற்கத் தொடங்கியது. அதன் அல்ட்ராஃபீட் மிஷின்கள் இரண்டு வகை. எல்எஸ்-1 நேர்த்தையல் மட்டும் போடும். எல்எஸ்இசட்-1 நேர்த்தையலோடு ஜிக்ஜாக்கும் போடும். நேர்த்தையலின் நீளம் 6 மி.மீ. வரை, ஜிக்ஜாக்கின் அகலம் 5 மி.மீ. வரை. பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் 20 கிலோவுக்கு மேல் கனம். ஆடும் படகின் ஏணியில் ஒற்றைக் கையால் இறக்கக் கூடாது. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். இறக்குமதி வரியும் கப்பல் கூலியும் தனி.

அந்த விலைக்கு இந்த மிஷின் தருவது இரண்டு விஷயங்கள். நடக்கும் பாதம் ஒன்று, கனத்த சக்கரம் ஒன்று.

சாதாரண மிஷினில் கீழே இருக்கும் பல்தான் துணியை இழுக்கிறது. மேலே பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். கீழ்த்துணி நகரும், மேல்துணி பின்தங்கும். இரண்டு மீட்டர் நீளக் குஷனைத் தைத்து முடிக்கும்போது மேல்துணி ஒரு விரல் அகலம் மிஞ்சி நிற்பது அதனால்தான். அல்ட்ராஃபீடில் பாதம் இரண்டாகப் பிரிந்திருக்கும். உள்பாதம் துணிமேல் இறங்கி, கீழ்ப் பல்லோடு சேர்ந்து துணியைப் பின்னுக்கு இழுக்கும். அது எழுந்து முன்னால் திரும்புகிற நேரத்தில் வெளிப்பாதம் துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் ஒன்றாக நகரும். ஃபோம் ஒட்டிய துணி, ரெக்சின், சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணி எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பாதத்தை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தூக்கலாம் என்பதால் முன்சொன்ன மூலை உள்ளே நுழைந்துவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இதில் ஊசி துணியோடு சேர்ந்து நகராது. கரையில் குஷன் பட்டறைகளில் நிற்கும் ஜூகி 1541 போன்ற பெரிய மிஷின்களில் பாதம், பல், ஊசி மூன்றும் சேர்ந்து நகரும். அதனால் நீளத் தையலில் அவை கொடுக்கும் சீர் இதைவிட ஒரு படி மேல். ஆனால் அவற்றின் தலை மட்டுமே 30 கிலோவைத் தாண்டும், அதற்கென்று மேசையும் அடியில் மோட்டாரும் வேண்டும். 35 அடிப் படகில் அதற்கு இடமில்லை.

சக்கரம்தான் படகில் வாழ்கிறவர்களுக்குப் பெரிய வரம். மான்ஸ்டர் டூ என்ற பெயரில் வரும் இந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தில் கைப்பிடி மாட்டிக்கொள்ளலாம். மோட்டாரே இல்லாமல், நம் ஊர்ப் பழைய கைமிஷின் போலச் சுற்றித் தைக்கலாம். மோட்டாரோடு ஓடும்போதும் அந்தக் கனம் உதவுகிறது. ஊசி மெல்ல இறங்கினாலும் சக்கரத்தின் வேகம் அதைத் தடித்த அடுக்குக்குள் தள்ளிவிடும். வழக்கமான மிஷினில் மெதுவாகத் தைத்தால் ஊசி பாதியில் நின்றுவிடும், வேகமாகத் தைத்தால் மூலை தப்பிவிடும். இங்கே மூலைக்கு மூன்று அங்குலம் முன்பே மிதியை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு தையலாகப் போட்டுத் திரும்பலாம். நங்கூரத்தில் நிற்கும்போது பேட்டரி இறங்கியிருந்தாலும் வேலை நிற்காது. சாதாரணச் சக்கரத்தோடு மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: துணியையும் நூலையும் குறைத்தாவது இந்தச் சக்கரத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் 110 வோல்ட், 220 வோல்ட் இரண்டிலும் கிடைக்கும். அமெரிக்கப் படகுகளில் 110, ஐரோப்பா, இந்தியா, இலங்கையில் 220 முதல் 230. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் பியூர் சைன் வகையாக இருக்கட்டும். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் வாட்டைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தாங்கக்கூடியதாக இருக்கட்டும், ஏனென்றால் புறப்படுகிற நொடியில்தான் மோட்டார் அதிகம் இழுக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் சூடாகும், மெல்ல ஓட்டும்போது திக்கும்.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது இடம். ஊசிக்கும் மிஷினின் வலப்பக்கத் தூணுக்கும் நடுவில் 7 அங்குலம் சுற்றித்தான் இடைவெளி. உட்காரும் இருக்கைக்கு இது போதும். அணியப் பக்கம், அதாவது படகின் முன்முனையில், வி வடிவில் குறுகிப்போகும் படுக்கைக்கு ஒரே துண்டாக உறை தைத்தால், சுருட்டிய துணி அந்த இடைவெளியில் அடைத்துக்கொள்ளும். துணியின் பெரும்பகுதி எப்போதும் ஊசிக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி தையலின் வரிசையைத் திட்டமிட்டால் பாதிச் சிக்கல் தீரும். மிச்சப் பாதிக்கு, படுக்கையை நடுவில் பிரித்து இரண்டு குஷனாகத் தைப்பதே வழி. அடியில் உள்ள சாமான் அறையைத் திறக்கவும் அது வசதி.

இரண்டாவது, மேசை. கேபின் மேசைகளின் விளிம்பில், படகு சாயும்போது தட்டு விழாதிருக்க ஒரு தடுப்பு மேடு இருக்கும். துணி அதில் இடித்துக்கொண்டே நிற்கும். 90 x 60 செ.மீ. அளவில் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை மேசைமேல் போட்டு அதன்மேல் மிஷினை வையுங்கள். மிஷினின் தட்டு பலகையைவிட உயரமாக இருக்கும். எடுத்துப்போட்ட பழைய ஃபோமை அந்த உயரத்துக்கு வெட்டி இடப்பக்கமும் பின்பக்கமும் அடுக்கினால் துணி தொங்காது. தொங்கும் துணியின் கனம்தான் தையலைக் கோணலாக்குகிறது. பலர் பாதத்தைக் குறை சொல்வார்கள், குற்றம் தரையில் கிடக்கும் அந்த இரண்டு கிலோ துணியுடையது.

இனி, இந்த மிஷினில் ஒரு குஷன் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மிஷினின் நிறையும் குறையும் அப்போதுதான் தெரியும். கேபினில் ஒரு நீள இருக்கை: 198 செ.மீ. நீளம், 61 அகலம், 10 உயரம்.

அளவைப் பழைய ஃபோமிலிருந்து எடுக்காதீர்கள். பத்து வருடம் உட்கார்ந்து அது சுருங்கியிருக்கும். இருக்கைப் பலகையின்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தை மார்க்கரால் வரைந்து எடுப்பதே சரி. அடுத்த குஷனை ஒட்டி நிற்கும் பக்கத்தில் 6 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் முட்டி நடுவில் மேடு எழும்பும்.

படகின் உடல் மேலே போகப்போக வெளியே விரியும். எனவே உடலை ஒட்டிய பக்கத்தில் குஷனின் மேல்முகம் அடிமுகத்தைவிட அகலம். பலகை மட்டத்திலும் அதற்கு 10 செ.மீ. உயரத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டுக்கும் 5 செ.மீ. வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்ந்த முகத்தின் அகலம் 10 அல்ல, 11.2 செ.மீ. பின்பக்கப் பட்டையையும் 10 என்றே வெட்டிவிட்டால் உறை பின்பக்கம் இழுத்துக்கொண்டு முன்முனையைத் தூக்கிவிடும். புதிதாகத் தைக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் துணியை அதிகம் வீணாக்குவது இதுதான். வெட்டிய பிறகு திருத்தவும் முடியாது. கீழே வரும் கணக்குகள் நேர்ப் பக்கங்கள் கொண்ட குஷனுக்கு. சாய்ந்த பக்கம் இருந்தால் பட்டையில் அந்த ஒன்றேகால் சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோமுக்கு வருவோம். அமெரிக்கக் கடைகள் அடர்த்தியைக் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வார்கள். நம் ஊர்க் கடைகளில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பது கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. அவர்களுடைய 2.5 பவுண்டு நம் 40. தினமும் உட்கார்ந்து படுத்து வாழ்கிற படகுக்கு 40-க்குக் கீழே இறங்க வேண்டாம். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி எத்தனை வருடம் உழைக்கும் என்பதைச் சொல்லும், கடினம் எவ்வளவு அமிழும் என்பதைச் சொல்லும். 10 செ.மீ. தடிமனில் மெத்தென்று ஒன்றை வாங்கினால் இடுப்பு பலகையைத் தொடும். உட்காரும் இடத்துக்குக் கடினமானதையும் சாயும் இடத்துக்கு இளகியதையும் வாங்குங்கள். வெளியே, படகை ஓட்ட உட்காரும் திறந்த இடமான காக்பிட்டுக்கு இந்த ஃபோம் ஆகவே ஆகாது, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அங்கே தண்ணீர் நேராக வழிந்தோடும் திறந்த கண் ஃபோமோ, தண்ணீரே புகாத மூடிய கண் ஃபோமோதான் வேண்டும்.

ஃபோமை உறையின் முடிந்த அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 12 மி.மீ. பெரிதாக வெட்ட வேண்டும். அப்போதுதான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். ரொட்டி வெட்டும் மின்கத்தி இதற்கு மிக நல்ல கருவி. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, தள்ளாமல், அதன் போக்கில் விட வேண்டும். மேல்முகத்திலும் முன்விளிம்பிலும் பாலியெஸ்டர் ஃபைபர் ஷீட்டை ஸ்பிரே பசையால் ஒட்டுங்கள். அடிப்பக்கம் வேண்டாம், அங்கே காற்றுதான் வேண்டும்.

துணிக் கணக்கு. 137 செ.மீ. அகலத் துணியில் மேல்முகமும் அடிமுகமும் அருகருகே அடங்கும், ஏனென்றால் சுற்றிலும் 12 மி.மீ. தையலுக்கு விட்டாலும் ஒவ்வொன்றும் 63.5 செ.மீ.தான். அதற்கு 2 மீட்டருக்குச் சற்று மேல். பக்கப் பட்டைகள் எல்லாமே 12.5 செ.மீ. அகலம். துணியின் குறுக்கே ஏழு பட்டை வெட்ட வேண்டும், அதற்கு 88 செ.மீ. பைப்பிங் மேலும் கீழுமாகச் சுமார் 10.4 மீட்டர் நீளம். 4 செ.மீ. பட்டைகளாகக் குறுக்குச் சாய்வில் வெட்ட அரை மீட்டர் துணி. ஆக மூன்றரை மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். கோடு அல்லது பூ போட்ட துணியானால் அரை மீட்டர் கூட்டுங்கள்.

முன்பக்கம் 198 செ.மீ., பட்டை 137 செ.மீ.தான். ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். ஒட்டை எங்கேயோ ஓரிடத்தில் விடாமல், முழுப் பட்டையை நடுவில் வைத்து, இரண்டு முனையிலிருந்தும் 32 செ.மீ. தள்ளி ஒட்டுகள் வருமாறு போடுங்கள். வேண்டுமென்றே வைத்த வடிவம் போலத் தெரியும்.

முதலில் ஜிப். 5-ஆம் எண் காயில் ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி, பிளாஸ்டிக் ரன்னர் கோத்துக்கொள்ளுங்கள். உலோக ரன்னர் உப்புக்காற்றில் பூத்து ஒரே இடத்தில் இறுகிவிடும். ஜிப் பின்பக்கம் முழுக்க ஓடி, இரண்டு மூலையையும் திரும்பி 10 செ.மீ. வர வேண்டும். இந்தக் குஷனுக்கு 218 செ.மீ. ஆகும். பின்பக்கம் மட்டும் ஜிப் வைத்தால், விறைத்த ஃபோமை உள்ளே திணிக்கும்போது ஜிப்பின் முனை கிழியும். பட்டைகள் இரண்டை நீளவாக்கில் மடித்து, மடிப்பு விளிம்புகள் ஜிப்பின் நடுவில் தொட்டுக்கொள்ளுமாறு வைத்துத் தைக்க வேண்டும். குண்டூசிக்குப் பதில் 6 மி.மீ. இருபக்க ஒட்டு டேப் போடுங்கள். ஊசி அந்த டேப்பின்மேல் போகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பசை ஊசிக்கண்ணில் அடைந்தால் பத்தே நிமிடத்தில் தையல் விடத் தொடங்கும். தவறிப் பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஊசியைத் துடைத்தால் போதும்.

பைப்பிங்குக்குப் பாதம் தனியாக வாங்க வேண்டும். அடியில் பள்ளம் உள்ள அந்தப் பாதத்தில் 4 மி.மீ. கயிறு தானாக ஓடும். பருத்திக் கயிறு வேண்டாம், ஈரத்தில் சுருங்கித் துணியை இழுத்துக் கூட்டிவிடும். பிளாஸ்டிக் அல்லது ஃபோம் கயிறு போடுங்கள். பைப்பிங்கை முதலில் மேல்முகத்தில் சுற்றித் தைத்து, மூலை வந்ததும் தையலுக்கு விட்ட துணியில் மூன்று நான்கு இடத்தில் கத்தரி வைத்து வளைக்க வேண்டும். தையலுக்கு 2 மி.மீ. முன்பே கத்தரி நின்றுவிட வேண்டும். மூலை கூராக வேண்டாம், 2 செ.மீ. ஆரத்தில் லேசாக உருட்டிவிட்டால் ஃபோம் நன்றாக நிறையும். கூர்மூலையில் ஃபோம் எட்டாமல் துணி காலியாக மடிந்துபோகும்.

அடுத்து, பலர் விட்டுவிடுகிற ஒரு வேலை. பக்கப் பட்டையை மேல்முகத்தோடு சுற்றித் தைத்து முடித்ததும், நான்கு மூலைக்கும் நேராகப் பட்டையின் மறுவிளிம்பில் சாக்பீஸ் குறி போட வேண்டும். மட்டப் பலகை வைத்து, செங்குத்தாக. நடுநடுவே 20 செ.மீ.க்கு ஒரு குறி. அந்தக் குறிகளை அடிமுகத்தின் மூலைகளோடு சேர்த்துப் பிடித்துத்தான் கடைசித் தையலைப் போட வேண்டும். குறி இல்லாமல் சுற்றித் தைத்துக்கொண்டே வந்தால், நடக்கும் பாதம் இருந்தாலும் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முடிந்த குஷன் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கடைசித் தையலுக்கு முன் ஜிப்பை ஒரு சாண் திறந்து வையுங்கள். மூடியபடி தைத்துவிட்டால் உறையை உள்ளிருந்து வெளியே புரட்ட வழி இருக்காது.

ஃபோமைத் திணிக்க ஆள்பலம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் போதும். ஃபோமை மெல்லிய பாலிதீனில் சுற்றி, குழாயை அதனுள் விட்டுக் காற்றை உறிஞ்சினால் பாதியாகச் சுருங்கும். உறைக்குள் நழுவவிட்டு, மூலைகளைச் சரிபார்த்து, காற்றை விடுங்கள். விரிந்து நிறைந்த பிறகு பாலிதீனை உருவி எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் சரசரக்கும், வேர்வை ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஈரம் என்றதும் அடிமுகம் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. உடல் சூட்டில் எழும் ஈரம் குஷன் வழியாக இறங்கி, கடல்நீரில் குளிர்ந்திருக்கும் பலகையில் பட்டுத் தண்ணீராகும். பூஞ்சை அங்கே தொடங்குகிறது. மேல்முகத்துக்குப் போட்ட விலையுயர்ந்த துணியையே அடியிலும் போடுவதில் பயனில்லை. அடிமுகத்தை வலைத்துணியில் தைத்து, பலகையில் ஒரு அங்குலத் துளைகள் போட்டுவிட்டால் குஷனின் ஆயுள் கூடும். துணிச்செலவும் ஒன்றேகால் சதுர மீட்டர் குறையும்.

நூலும் ஊசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எந்த மிஷினும் தைக்காது. பட்டறை வழக்கில் வி-69, வி-92, வி-138 என்று நூலுக்கு எண் சொல்வார்கள். வி-69 நூலுக்கு 16-ஆம் எண் ஊசி, வி-92-க்கு 18, வி-138-க்கு 20 அல்லது 22. உள் குஷனுக்கு வி-69 போதும். ஆனால் வெயில் மறைப்பையும் காக்பிட் குஷனையும் இதே மிஷினில் தைக்கப்போகிறவர்கள், வெயில் தாங்கும் வி-92 பாலியெஸ்டர் நூலை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் ஊசி மாற்றுவதும் டென்ஷன் (நூலின் இறுக்கம்) மாற்றுவதும் மிச்சம். தையல் நீளம் துணிக்கு 4 மி.மீ., ரெக்சினுக்கு 5 மி.மீ. ரெக்சினில் நெருக்கித் தைத்தால் தபால் தலையின் ஓரம்போலத் துளை வரிசையாகி, உட்கார்ந்ததும் கிழியும். அதில் ஒருமுறை போட்ட துளை போகவே போகாது என்பதால் பிரித்துத் தைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இந்த மிஷினின் ஊசி 135x17 என்ற தொழிற்சாலை ரகம். தண்டு முழு உருண்டை. வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தப்பாக மாட்ட முடியாது. இதில் எப்படி வேண்டுமானாலும் திரும்பும். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கமும், கண்ணுக்கு மேலே உள்ள சிறு குழிவு கொக்கியின் பக்கமும் நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கொக்கியின் முனை நூலைப் பிடிக்காது, தையல் விட்டு விட்டு விழும். கண்ணுக்குள் இன்னொரு ஊசியைச் செருகிப் பார்த்தால் எந்தப் பக்கம் கோணல் என்று தெரிந்துவிடும். தையல் விட்டால் உடனே டைமிங் (ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம்) போய்விட்டது என்று திருகைத் தொடாதீர்கள். முதலில் ஊசியின் திசை, அடுத்து முனை மழுங்கல், அடுத்து பசை, அடுத்து நூலுக்கேற்ற எண். இந்த நான்கையும் பார்த்த பிறகும் விட்டால்தான் டைமிங். பொதுவாக ஊசி அடியைத் தொட்டு ஏறத் தொடங்கியதும், கொக்கியின் முனை கண்ணுக்குச் சற்று மேலே, அந்தக் குழிவின் நடுவில் கடக்க வேண்டும்.

அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காமல் வெளியே கிடப்பதுதான் காரணம். பாதத்தைத் தூக்கி வைத்து நூல் கோத்தால் தட்டுகள் திறந்திருக்கும், நூல் சரியாக இறங்கும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் மூன்று தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாபின் சிறியது, க்ளாஸ் 15 என்ற வீட்டு மிஷின் ரகம். நம் வீடுகளில் உள்ள கறுப்பு மிஷின்கள் பலவற்றில் ஓடுவதும் இதுதான். கிடைப்பது சுலபம், ஆனால் தடித்த நூல் கொஞ்சம்தான் பிடிக்கும். மேலே சொன்ன குஷனின் எல்லாத் தையலையும் கூட்டினால் 36 மீட்டர் சுற்றி வரும். ஒரு பாபின் போதாது. ஆறு ஏழு பாபின் முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டு உட்காருங்கள். பைப்பிங் மூலையில் பாபின் தீர்ந்தால் அந்த இடத்தில் இரட்டைத் தையல் தெரியும். பெரிய பாபின் இருந்திருந்தால் இந்த மிஷினை இன்னும் மனம்விட்டுப் பாராட்டலாம்.

சத்தமும் அதிகம். இரண்டு பாதமும் மாறி மாறித் தட்டுவது ஃபைபர் படகின் உள்ளே எதிரொலிக்கும். நங்கூரம் போட்டிருக்கும் இடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டாரில் தைத்தால் பக்கத்துப் படகுக்குக் கேட்கும். ரெக்சினில் உள்பாதத்தின் பல்தடம் பதிவதும் உண்டு. பாத அழுத்தத்தைத் தளர்த்தினால் குறையும், முழுக்கப் போகாது.

ஜிக்ஜாக் தேவையா என்ற கேள்விக்கு நேரான பதில்: குஷனுக்குத் தேவையில்லை. குஷன், வெயில் மறைப்பு, பைகள் மட்டும்தான் என்றால் எல்எஸ்-1 போதும். விலை குறைவு, உறுப்புகளும் குறைவு, டைமிங் வைப்பதும் சுலபம். கிழிந்த பாயை நடுக்கடலிலோ தீவிலோ தைக்க வேண்டிவரும் என்றால் எல்எஸ்இசட்-1தான். பாய்த்துணி காற்றில் இழுபடும்போது ஜிக்ஜாக் தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், நேர்த்தையல் அறுந்துவிடும். பிசிறு விடும் நெசவுத் துணிகளின் ஓரத்தைக் கட்டவும் ஜிக்ஜாக் உதவும். அக்ரிலிக் துணியானால் சூட்டுக்கத்தியால் வெட்டி ஓரத்தை உருக்கிவிடலாம்.

யாருக்கு இது வேண்டாம்? கரையில் வீடு இருந்து, படகில் ஒரே ஒரு முறை குஷன் மாற்றப்போகிறவர்களுக்கு. அவர்கள் குஷன் கடையில் கொடுத்துவிடலாம், சாய்ந்த பக்கத்தின் அளவை மட்டும் தாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். கைசுற்றும் பழைய கறுப்பு மிஷின் நல்ல நிலையில் கிடைத்தால், 18-ஆம் எண் ஊசி போட்டு, பைப்பிங் இல்லாத எளிய உறையை அதிலும் தைத்துவிடலாம். பாய்மரப் படகுக்காரர்கள் இன்றும் தேடி வாங்கும் பழைய ஃபாஃப் 130, ஜிக்ஜாக்கும் போடும் அருமையான மிஷின். இரண்டிலும் நடக்கும் பாதம் கிடையாது. நீளத் தையலில் மேல்துணி பின்தங்குவதை ஒட்டு டேப்பை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இதே உருவத்தில் மலிவான கையடக்க மிஷின்களும் விற்கின்றன. அவற்றை வாங்கும் முன், அவற்றின் உதிரிபாகம் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். செயில்ரைட்டின் பெரிய பலம் அங்கேதான். திருகு முதல் கொக்கி வரை தனியே விற்கிறார்கள். டைமிங் வைப்பது முதல் குஷன் தைப்பது வரை படம்பிடித்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் இல்லாத தீவில் ஊசியையும் கொக்கியையும் நாமே சரிசெய்ய அது போதும்.

உப்புக்காற்றில் இந்த மிஷினைக் காப்பது தினசரி வேலை. ஏழெட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை எண்ணெய், கொக்கியில் மட்டும் அதைவிட அடிக்கடி ஒரு சொட்டு. தைத்து முடித்ததும் ஊசித்தட்டைக் கழற்றித் துணித்தூளைத் தூரிகையால் எடுங்கள். தூள் ஈரத்தை உறிஞ்சும், துரு அங்கிருந்துதான் ஏறும். மூடி வைக்கும்போது பழைய துணித் துண்டொன்றைப் பாதத்தின் அடியில் வைத்து, ஊசியை அதில் இறக்கி விடுங்கள், வழியும் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து. பெட்டியின் இடம் படகின் நடுவில், தரைக்கு அருகில், கயிற்றால் கட்டி. இருபது கிலோ இரும்பு புயலில் பறந்தால் ஆளைக் கொல்லும்.

மிஷினோடு சேர்த்தே ஆர்டர் கொடுக்க வேண்டியவை: 16, 18, 20 எண் ஊசிகள் ஒவ்வொன்றிலும் இருபது, பாபின் இருபது, பைப்பிங் பாதம், மாற்று பெல்ட் ஒன்று, பாபின் கேஸ் ஒன்று, ஒட்டு டேப் இரண்டு சுருள், ஜிப் 10 மீட்டர், ரன்னர் ஒரு டஜன். ஊசியை மட்டும் இன்னும் கூட்டி வாங்கினாலும் தப்பில்லை. உருண்டைத் தண்டு ரகம் சாதாரணத் தையல் கடைகளில் கிடைக்காது.